தேறாத பரோலோ

"உன் ஒயினைத் தேற விடாம பண்ணினது யார் தெரியுமா, செகொந்தோ? உன் கூடப்பிறந்த அண்ணன்தான்."

துல்லியோ இதை மெதுவாகத்தான் சொன்னான். திராட்சைக் கொடியைக் கத்தரித்துக்கொண்டிருந்த செகொந்தோ நிமிர்ந்தான்.

நான்கு வருடம் பீப்பாயில் வைத்துக் காத்த ஒயின். ஐந்து பேர் கொண்ட குழு சுவைத்துப் பார்த்துத் தேர்வு என்றால்தான் பாட்டிலில் பரோலோ என்று, அந்த வட்டாரத்தின் உயர்ரக ஒயினுக்கான பெயரைப் போட முடியும். யாருடையது என்று சொல்லாமல்தான் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். குழுவில் துல்லியோவும் உண்டு, அண்ணன் எவாசியோவும் உண்டு.

"நாங்க ரெண்டு பேர் சரின்னோம். ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. கடைசியா உன் அண்ணன். ஒரு வாய் வச்சுத் துப்பிட்டு, திருப்பி அனுப்புங்கன்னுட்டான். உன் ஒயின்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அப்பாவின் மலைச்சரிவைப் பங்கு போட்ட நாளிலிருந்து பதினோரு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. நல்ல வெயில் விழும் பாதி தம்பிக்குப் போய்விட்டது.

துல்லியோ தோளைத் தட்டிவிட்டுப் போனான். செகொந்தோ மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினான். மனைவி கிளேலியா பின்னாலேயே ஓடினாள்.

"துல்லியோ சொன்னா அப்படியே நம்பிடுறதா? நம்ம சரிவை விலைக்குக் கேட்டவன் அவன். நாம நொடிச்சுப் போனா அவனுக்குத்தான் லாபம்."

"கேட்டான், இல்லைன்னேன், விட்டுட்டான். இந்த ஊர்ல எனக்காகப் பேசுறவன் அவன் ஒருத்தன்தான்."

கொடி வெட்டும் கத்தரி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

எவாசியோ வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். கத்தரியைப் பார்த்தான். நகரவில்லை.

"என் ஒயின்னு தெரிஞ்சுதானே செஞ்சே?"

"தெரிஞ்சுதான்."

செகொந்தோவின் கை உயர்ந்தது. கிளேலியா மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள்.

"அதுல காடி ஏறுது, புளிச்சுக் கெடப் போகுது," என்றான் எவாசியோ. "இப்போ லேசாத்தான் இருக்கு. எந்தப் பீப்பாய்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா முகர்ந்து பாரு. எல்லாத்தையும் கலந்து பாட்டில்ல அடைச்சிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

"பொய் சொல்றே."

"போய்ப் பாத்துட்டு வந்து அப்புறம் குத்து."

செகொந்தோ நிலவறைக்கு இறங்கினான். கிளேலியா விளக்கைப் பிடித்தாள். முதல் பீப்பாயில் உலர்ந்த ரோஜா வாசம், எப்போதும் போல. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலிருந்து எடுத்ததைக் கோப்பையோடு உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி மறுபடி முகர்ந்தான். ரோஜாவுக்கு அடியில், நூல் போல, காடியின் நெடி.

தினமும் அதிலேயே கிடந்த அவன் மூக்குக்கு அது தெரியாமலே போயிருந்தது.

கடைசிப் பீப்பாயான நான்காவது சுத்தமாக இருந்தது. அவன் கல்படியில் உட்கார்ந்துவிட்டான். மூன்று பீப்பாய் பிழைத்தது. கெட்டதை ஒதுக்கிவிட்டு மறுபடி குழுவுக்கு அனுப்பலாம்.

மறுநாள் காலை அதற்காக ஆல்பா நகரில் இருந்த குழுவின் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண்மணி, திருப்பி அனுப்பியதற்கான காரணத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஐந்து தாள்களின் நகலைக் கொடுத்தாள். சுவைத்த ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதியது. பெயர்களை மட்டும் மறைத்திருந்தார்கள்.

மூன்று தாளில் காடி என்றிருந்தது, முடிவு 'திருப்பி அனுப்பவும்'. நான்காவதில் குறை ஒன்றும் இல்லை, முடிவு 'தேர்வு'.

ஐந்தாவது தாளின் கையெழுத்து அவனுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டையில் வரும் அதே உருண்டை எழுத்து. துல்லியோவுக்குத் தன் மூக்கைப் பற்றிப் பெருமை அதிகம். முகர்ந்ததை மாற்றி எழுத மனம் வந்திருக்காது.

'காடி ஆரம்பித்துவிட்டது. பாட்டிலில் அடைத்தால் ஒரு வருடம் தாங்காது' என்று எழுதியிருந்தான். அதன் கீழே, முடிவு என்ற இடத்தில், 'தேர்வு'.