மணிக்கொரு முறை

அலுவலகத்துக்கு வரும் குப்பை மெயில்களைத் தடுப்பது அவர் வேலை. “ஒருதடவை வந்து பாத்துட்டுப் போடா” என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக்கொண்டே இருந்த அண்ணனையும், பழைய கோபத்தில், தடைப்பட்டியலில் தள்ளிவிட்டார்.

அண்ணன் போய்ச் சேர்ந்ததும் மனசு கேட்கவில்லை; அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கினார். பட்டியலுக்கு மணிக்கொரு முறை தானாக ஓடும் அப்டேட்டில் அது மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

“கிடந்துட்டுப் போகட்டுமே சார். செத்தவரா மெயில் அனுப்பப் போறார்?” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அப்டேட்டை வாரம் ஒருமுறை என்று மாற்றி, முகவரியை மீண்டும் நீக்கினார். இந்தமுறை அது திரும்பவில்லை. என்ன கிறுக்கோ, “இப்ப வரட்டுமாண்ணே?” என்று அந்த முகவரிக்கே எழுதினார்.

உடனே பதில் வந்தது: ‘பெறுநர் உங்களைத் தடுத்திருக்கிறார். இந்தத் தடை மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படும்.’