வெள்ளெருக்கும் சிவந்த கண்ணும்

கோவில்பதாகை ஊரில் அனுசுயா வீட்டு வாசலில் வருஷக்கணக்காக வளர்ந்த வெள்ளெருக்கை, விடிவதற்குள் யாரோ வேரோடு வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த வேரில் பிள்ளையார் செய்து, வருகிற சதுர்த்திக்குப் பூஜையில் வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் கவிப்பிரியாவுக்கு வேலை கிடைத்ததற்கான வேண்டுதல். சாமிக்கு நேர்ந்ததிலேயே கை வைத்துவிட்டானே என்று வயிறு எரிந்தது.

குழியை ஒட்டிய சுவரெல்லாம் எருக்கம்பால் தெறித்துக் காய்ந்திருந்தது. சுவரில் தெறித்த பால் வெட்டினவன் முகத்தில் தெறிக்காமலா இருக்கும்? கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் கண் கோவைப்பழமாகிவிடும். போலீசுக்குப் போனால் எருக்கஞ்செடிக்கா புகார் என்று சிரிப்பார்கள். அவளே கிளம்பினாள்.

சுண்டல் பாத்திரத்தோடு வீடு வீடாக ஏறினாள். கையில் சுண்டலைக் கொடுத்தாள், கண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான் விசாரணை.

பக்கத்து வீட்டு எத்திராஜ் வாசலில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரைண்டிங் வேலை. அங்கே இரும்புப் பொறி கண்ணில் தெறிக்காமல் போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரியே வீட்டு வேலைக்கும் தனியாக ஒன்று வைத்திருந்தார். தேங்காய் உரிக்க, செடிக்கு மருந்தடிக்க, எதற்கும் அதை மாட்டிக்கொள்வார். தெருவே கேலி செய்யும், அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். சுண்டலுக்காகக் கண்ணாடியைக் கழற்றினார். கண் பளிங்கு மாதிரி இருந்தது. இவர் இல்லை என்று அனுசுயா அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

எதிர்வீட்டு ஜெகதீசன் மட்டும் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வேரில் ஒரு துண்டு கொடு என்று போன வருஷமெல்லாம் நச்சரித்தவனும் அவன்தான்.

"கண்ணாடிய கழட்டு ஜெகதீசா."

"மெட்ராஸ் ஐ, அக்கா. கிட்ட வராத, ஒட்டிக்கும்."

அந்தக் கதையெல்லாம் வேறு யாரிடமாவது சொல் என்று அனுசுயா கண்ணாடியைப் பிடுங்கி, விரலால் அவன் இமையை விரித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு.

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. ஜெகதீசன் பெற்ற தாய் மேல் சத்தியம் செய்தான். அவன் இமையை விரித்த அதே விரலால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அனுசுயா அழுதாள். எத்திராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெரிய டாக்டர் கணக்காக ஜெகதீசனைக் குனிந்து பார்த்தார்.

"பால் பட்ட கண்ணு இப்டித்தாம்மா இருக்கும். வெளி வேலை செய்யசொல்ல கண்ணாடி போடுங்கடான்னு தலதலையா அடிச்சிக்கினேன். எவன் கேக்குறான்?"

தீர்ப்பு அங்கேயே முடிந்தது. சதுர்த்தி விழாக் குழுவிலிருந்து ஜெகதீசனை நீக்கினார்கள். அவன் மனைவிகூட அவனை நம்பவில்லை. எத்திராஜுக்கு அனுசுயா இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அனுசுயாவுக்கு இமை பிரியவில்லை. வெந்நீர் தொட்டுப் பிரித்து, பீரோ கண்ணாடியில் பார்த்தாள். ஜெகதீசன் கண் அப்படியே அவள் முகத்தில் இருந்தது.

எருக்கம்பால் எரியும், ஒட்டிக்கொள்ளுமா? பாவம், அந்தப் பையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். இப்போதே போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஆனால் இந்தக் கண்ணோடு தெருவில் எப்படி இறங்குவது?

எத்திராஜ் வீட்டு வாசலில் தள்ளி நின்று கூப்பிட்டாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ராஜம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஜன்னலில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"எடுத்துக்கினு போ அனுசு. அவரு ஊட்டு வேலைக்குப் போடுறதுதான். ஒன் செடி போன அன்னிக்கிக் காலைல போட்டது, இன்னும் தொடைக்கக்கூட இல்ல."

அனுசுயா அதை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்து நடந்தாள். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு தெரிந்தது. கண் நோவுதான் இப்படிக் காட்டுகிறது என்று நினைத்து, கழற்றி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

அவள் வீட்டுச் சுவரில் காய்ந்திருந்த அதே எருக்கம்பால்.