எட்டாம் பாடம்

"எட்டாம் பாடத்தை எடுத்துடுங்க. இல்லன்னா எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு உங்க புத்தகமே வேண்டாம்."

கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம், பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்து மேசைமேல் அச்சுத்தாளை வீசினார்.

குழந்தைகளுக்கான வாசகப் புத்தகத்தைத் தொகுத்துவந்த ஆசிரியர் அருளப்பன் பல்லைக் கடித்தார். "வெள்ளைக்காரத் துரை சொன்னாரா?"

"துரைக்குத் தமிழ் எங்க தெரியும்? நான்தான் சொல்றேன். ரப்பர் மரத்துல பால் வெட்டுறவ மகன் படிச்சு ஆபீஸ் நாற்காலியில உக்கார்றானாம்! இதைப் படிச்சா நாளைக்குக் கூலி லயத்துல எவன் பால் வாளியைத் தூக்குவான்?"

"அவங்க பிள்ளைங்க படிக்கக் கூடாதா?"

"எழுத்துக் கூட்டத் தெரிஞ்சாப் போதும். பொய்க்கதை சொல்லி ஆசை காட்டாதீங்க. உங்க அச்சக முதலாளிக்கு ஒரு வரி எழுதினா உங்க வேலையே போயிடும்."

"பொய்க்கதையா?"

அருளப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"போன மாசம் கிள்ளான் ஆஸ்பத்திரியில ஒரு அம்மா எனக்குச் சொன்ன கதை இது. பேர் மாரியாயி. முப்பது வருஷம் பால்மரம் வெட்டி மகனைப் படிக்க வச்சிருக்காங்க. மகன் எட்டிப் பாக்கவே இல்ல. அப்பவும், 'அவன் பேரைப் போட்டுடாதீங்க, அவனுக்குக் கௌரவக் குறைச்சல்'னு கெஞ்சினாங்க. அதனாலதான் பேர் தெரிஞ்சும் பாடத்துல போடல."

கிராணி, தான் வீசிய அச்சுத்தாளைக் கையிலெடுத்தார்.

"முதலாளிக்குத் தாராளமா எழுதுங்க. பாடம் அப்படியேதான் வரும்," என்றார் அருளப்பன். "அதுக்கு முன்னாடி போய் உங்க அம்மாவைப் பாருங்க, கிராணியாரே."