தரகர் சாத்திய ஜன்னல்

வாடகைக்கு விட வேண்டிய மூன்றாவது மாடி வீட்டின் ஜன்னல்களைத் தரகர் முன்னதாகவே வந்து இறுக்கிச் சாத்தி வைத்திருக்கிறார். கீழே கடைவீதி. அதன் இரைச்சலைக் கேட்டதுமே வீடு பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். "செருப்பு மாட்டுறதுக்குள்ள கடை வந்துடும், டீச்சர்!" என்று இன்று வீடு பார்க்க வந்திருக்கும் டீச்சரிடம் சிரிக்கிறார். வெற்று அறையில் டீச்சரின் காலடிச் சத்தம் மட்டும் சுவரில் மோதித் திரும்புகிறது. கணவர் இறந்தபின் தன் வீட்டில் அவள் கேட்டுக் கேட்டு வெறுத்த சத்தம் அது. காற்றோட்டம் பார்க்கலாமென்று தாழ்ப்பாளைத் தூக்குகிறாள். "ஐயையோ, தூசி டீச்சர்!" என்று அவர் பதறுவதற்குள் ஜன்னல் திறந்துகொள்கிறது. தள்ளுபடி கூவும் ஒலிபெருக்கி, ஹாரன்கள், பலூனுக்கு அழும் குழந்தை, "ஏய், இங்க வந்து இதைப் பாரேன்!" என்று யாரோ யாரையோ கூப்பிடும் குரல், எல்லாம் ஒன்றாக உள்ளே வருகின்றன. நிறம் மாறி மாறி எரியும் துணிக்கடைப் பலகையின் சிவப்பு வெளிச்சம் அவளுடைய நரைத்த தலையில் விழுந்து பச்சையாக மாறுகிறது. கம்பியில் நெற்றியைச் சாய்த்து அவள் அசையாமல் நிற்கிறாள். வீடு கைநழுவிப் போயிற்றென்று தரகருக்கு வியர்க்கிறது. "பயப்படாதீங்க டீச்சர். ராத்திரி கடை சாத்திட்டா ஒரு ஈ காக்கா இருக்காது. ஊசி விழுந்தாக் கேக்கும்!" டீச்சர் மெல்லத் திரும்புகிறாள். "காலையில திரும்ப எப்ப தம்பி தொறப்பாங்க?"