மேட்ரன் நிரப்பிய ஊசி

இருந்ததோ ஒரே ஒரு நர்ஸ் வேலை. வந்ததோ மூன்று பேர். முதல் இருவரும் போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள். கணவனுக்கு வேலை போய் மூன்று மாதமான கடைசிப் பெண் உள்ளே நுழைந்தாள்.

ஆளையே விழுங்குவது போலப் பார்த்த மேட்ரனம்மா, மருந்து நிரப்பிய ஊசியை நீட்டினார். “இந்தா, அந்தப் பேஷன்ட்டுக்குப் போடு.”

“இதுல என்ன மருந்து, மேடம்?”

“முப்பது வருஷ சர்வீஸ்! என்னையே கேள்வி கேக்கறியா? வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும். ஆனா, நான் பாக்காம நிரப்பின ஊசிய யாருக்கும் போட மாட்டேன்.”

மேசையில் மார்க் போட்டுக்கொண்டிருந்த பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

மேட்ரன் ஊசியைக் குப்பை டப்பாவில் எறிந்தார். “வெறும் தண்ணிதான் டாக்டர். அந்த ரெண்டு பேரும் கேக்காமலே குத்தப் போனாங்க.”

“உங்ககிட்டயே பயப்படலையே இந்தப் பொண்ணு!”

“பயமா? வீட்டுல நான் சமைச்சதையே ருசி பாக்காம என் பையனுக்குப் பரிமாற மாட்டா டாக்டர், என் மருமக!”