கதவு திறக்க ஓர் ஆள்

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியின் கதவு, கையில் சிப் பதித்தவர்களுக்கு மட்டுமே திறக்கும். "வலது கையில முத்திரை வாங்கக் கூடாதுன்னு வேதாகமத்துல இருக்கு சார்" என்று மறுத்த ஜெபக்கனி, ஒரு மாதமாக வேலையின்றி வீட்டில் இருந்தாள்.

பிறகு சட்டம் வந்தது. யாருக்கும் கட்டாயமாகச் சிப் பதிக்கக் கூடாது. மறுப்பவர்களுக்கு மனிதர் ஒருவர் கதவைத் திறந்துவிட வேண்டும்.

"உன் ஒருத்திக்காக ஓர் ஆளை வைக்கணுமாம்!" மேனேஜர் போனில் எரிந்து விழுந்தார்.

மறுநாள் தயங்கியபடி போனாள். முன்பு இந்தத் தானியங்கிக் கதவு வைத்தபோது வேலையிழந்த காவலாளி மருதாசலம், நெற்றி நிறையத் திருநீறும் பழைய தொப்பியுமாக வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்களா!"

"வா அம்மணி." கதவை அகலத் திறந்தார். "நீ மட்டும் மனசு மாறிடாத. உன்ற விசுவாசம் கொறையாம இருந்தா, பழனிக்கு நடந்தே வர்றேன்னு முருகன்கிட்ட வேண்டியிருக்கேன்."