மருமகள் வாங்கிக்கொண்ட பாதி

புகைபிடிக்கும் ஆசையில் பாதியை வீட்டில் யாராவது ஊசி மூலம் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டால் விடுவது சுலபம் என்றார் டாக்டர். உடன் வந்த மருமகள் வேதநாயகியின் முன்னாலேயே மறுத்துவிட்டேன். என் ஆசையை அடுத்தவர் தலையில் ஏற்றும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. எனக்கு மட்டும் ஊசி போடச் சொன்னேன்.

சிரமமே இல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் வம்சத்து வைராக்கியம் அப்படி என்று, விருந்துக்கு வந்த வேதநாயகியின் அப்பாவிடமும் சொன்னேன்.

சாப்பிட்டபின் காபி குடித்தோம். வேதநாயகி ஜன்னலோரம் போய், ஒரு பேனாவைக் கட்டைவிரல் நகத்தில் தட்டி உதட்டில் வைத்தாள். பற்றவைக்கும் முன் சிகரெட்டை நான் அப்படித்தான் தட்டுவேன்.

சம்பந்தியின் முகம் கறுத்தது. “என்ன கண்ணு இது? சிகரெட் குடிக்கறயா? என் மானத்த வாங்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?”

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு தலைகுனிந்தாள்.

நான் எழுந்து நின்றேன். “புள்ளயத் திட்டாதீங்க சம்பந்தி. அந்த ஆசை என்னுதுங்க. எனக்குத் தெரியாம புள்ள பாதிய வாங்கிக்கிச்சு.”

“அப்ப அந்த வைராக்கியம்?” என்றார் அவர்.

“அது உங்க பொண்ணுதுங்க.”